வாசலில் மூன்று படி: வீல்சேர் ராம்ப் வாடகைக்கு எடுப்பதா, வாங்குவதா?

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, ஆம்புலன்ஸ் ஊழியர்கள் ஸ்ட்ரெச்சரோடு தூக்கி வந்து உள்ளே படுக்க வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு வாரம் கழித்துத் தையல் பிரிக்கக் கிளம்பும்போதுதான் வாசல் எனக்கு உறைத்தது. மூன்று படி. பக்கத்து வீட்டுத் தம்பியும் நானும் வீல்சேரோடு அம்மாவைத் தூக்கி இறக்கினோம். நடுப்படியில் தம்பியின் செருப்பு வழுக்கி, நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. விழவில்லை. ஆனால் வீடு திரும்பியதும் அம்மா சொன்னார்: “இனிமே என்னை வெளியே எங்கேயும் கூட்டிட்டுப் போகாதேப்பா.”

வீல்சேர் வந்த எத்தனையோ வீடுகளில் இதுதான் நடக்கிறது. நாற்காலி வாங்க எல்லோருக்கும் தோன்றுகிறது. வாசலைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் தவிர மற்ற நாளெல்லாம் அவர்கள் அறைக்குள்ளேயே இருந்துவிடுகிறார்கள்.

சாய்தளம் என்பது நல்ல தமிழ்ச் சொல். அரசு ஆவணங்களிலும் அதைப் பார்க்கலாம். ஆனால் கடையில் ராம்ப் என்று கேட்டால்தான் புரியும், அதனால் இங்கும் அப்படியே எழுதுகிறேன். வாடகைக்கு எடுப்பதா, வாங்குவதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். வாசல் எவ்வளவு உயரம்? ராம்ப் எத்தனை மாதம் தேவைப்படும்? இந்த இரண்டையும் தெரிந்துகொள்வதற்கு முன் பணத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

முதல் வேலை: டேப்பை எடுங்கள்

நான் அளக்காமல் போனேன். அன்று சாயங்காலமே ஒரு கடையில் ஆறடி அலுமினிய ராம்ப்பை ஒரு மாத வாடகைக்குப் பேசி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். எத்தனை படி என்று கடையிலும் கேட்கவில்லை. வாசலில் சாய்த்து வைத்ததும் ஏணி மாதிரி நின்றது. அதில் அம்மாவை உட்காரவைத்துத் தள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

உயரத்தை அளப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு படியாக அளந்து கூட்டினால் பல வீடுகளில் தப்பாக வரும். ராம்ப்பின் கீழ்முனை படியின் அடியில் நிற்காது, அங்கிருந்து பல அடி தள்ளிப் போய் நிற்கும். அந்த இடத்தில் தரை தாழ்ந்திருக்கலாம். எங்கள் வீட்டுப் படிகளைக் கூட்டினால் 20 அங்குலம். ஆனால் மழைத் தண்ணீர் ஓடுவதற்காக அப்பா காலத்தில் சிமென்ட் தரையைக் கேட்டை நோக்கிச் சரித்துப் போட்டிருந்தார்கள். ராம்ப் போய் முடியும் இடத்தில் தரை இன்னும் 3 அங்குலம் கீழே. ஆக, மொத்தம் 23.

சரியாக அளக்க, நேரான நீளப் பலகையோ அலுமினியக் குழாயோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை மேல்படியில் வையுங்கள். மறுமுனையை இன்னொருவர் அந்தரத்தில் பிடிக்கட்டும். மேலே ரசமட்டத்தை வைத்துக் குமிழ் நடுவில் நிற்கும்வரை ஏற்றி இறக்கி, அந்த முனையிலிருந்து தரைவரை டேப்பை விடுங்கள். அதுதான் உங்கள் உயரம். தூரம் அதிகம் என்றால் கொத்தனாரிடம் டியூப் லெவல் இருக்கும். தண்ணீர் நிரப்பிய அந்தக் குழாயை இரண்டு பக்கமும் பிடித்தால், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஐந்து நிமிஷ வேலை.

அப்படியே இன்னும் சில அளவுகள். படியிலிருந்து கேட்வரை எத்தனை அடி? கதவை முழுதாகத் திறந்து வைத்தால் உள்ளே எத்தனை அங்குலம் இடைவெளி? வீல்சேரின் வெளி அகலம் எவ்வளவு? அதை இருக்கையில் அளக்காமல், கையால் தள்ளும் வளையத்தின் வெளிவிளிம்பிலிருந்து அளக்க வேண்டும். 18 அங்குல இருக்கை உள்ள சாதாரண இரும்பு வீல்சேர் வெளியே 24 முதல் 26 அங்குலம் வரும். அதனால் ராம்ப் 30 அங்குல அகலத்துக்குக் குறையக் கூடாது. நிரந்தரமாகக் கட்டுவதென்றால் மூன்றடி விடுங்கள்.

பன்னிரண்டுக்கு ஒன்று

உயரம் ஒரு அங்குலம் என்றால் ராம்ப் 12 அங்குலம் நீளம் வேண்டும். ஒன்றிய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2021-ல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டு நெறிகளும் இதைவிடச் செங்குத்து கூடாது என்கின்றன. பொதுக் கட்டடங்களுக்கு எழுதப்பட்டது என்றாலும் வீட்டுக்கும் இதையே இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். தன் கையால் சக்கரம் தள்ளிப் போகிறவருக்கு இது கட்டாயம். பின்னால் ஆள் பிடித்துத் தள்ளுவதாக இருந்தால், கையில் எடுத்துச் செல்லும் ராம்ப்பை ஆறுக்கு ஒன்று வரை பயன்படுத்தலாம் என்று சில தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அது எல்லை. அதைத் தாண்டக் கூடாது.

எண்ணில் சொன்னால் மனதில் பதியாது, எடையில் சொல்கிறேன். அம்மா 65 கிலோ, வீல்சேர் 20 கிலோ, மொத்தம் 85. பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில் தள்ளும்போது உங்கள் கைக்கு வரும் பாரம் சுமார் 7 கிலோ. ஆறுக்கு ஒன்றில் 14 கிலோ, அதாவது ஏறக்குறைய ஒரு காலி கேஸ் சிலிண்டர். நான் கொண்டுவந்த ஆறடி ராம்ப்பை 23 அங்குல உயரத்துக்கு வைத்தால் 27 கிலோ. நிரம்பிய தண்ணீர் கேனுக்கும் மேலே. ஏற்றும்போது அதைத் தள்ள வேண்டும், இறக்கும்போது அதைத் தாங்க வேண்டும். கை நழுவினால் அம்மா தெருவில்.

இதிலிருந்து கைக்கணக்கு ஒன்று கிடைக்கிறது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பெரிய மடிப்பு ராம்ப் ஆறடி. நம் ஊர்ப் படி ஆறு, ஏழு அங்குலம். ஆகவே ஆறடி ராம்ப் ஒரு படிக்கு நிம்மதி. இரண்டு படி என்றால் மொத்தம் 12 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, அப்போதும் பலசாலி ஒருவர் வேண்டும், பக்கத்தில் துணைக்கு இன்னொருவர் வேண்டும். மூன்று படி என்றால் மடிப்பு ராம்ப்பை வாடகைக்கும் எடுக்காதீர்கள், விலைக்கும் வாங்காதீர்கள். அது வேறு வகை ராம்ப்புக்கான வாசல்.

பல வீடுகளில் பைக் ஏற்றுவதற்கென்று கேட்டுக்கும் போர்ட்டிகோவுக்கும் நடுவே சின்னதாக ஒரு சிமென்ட் சரிவு இருக்கும். “அதான் இருக்கே, அதிலேயே ஏத்திடலாம்” என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அது மூன்றுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் போட்டது. இன்ஜின் உள்ள வண்டி ஏறும். வீல்சேர் பின்னால் மல்லாந்துவிடும்.

முன்வாசல்தான் என்று யார் சொன்னது?

கடைக்காரரிடம் பேசுவதற்கு முன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எங்கள் வீட்டில் முன்வாசலில் 23 அங்குலம் உயரம், கேட்வரை இருப்பதோ 11 அடி. பன்னிரண்டுக்கு ஒன்று போட 23 அடி வேண்டும். நடக்காத காரியம். ஆனால் சமையலறைக்குப் பின்னால் கொல்லைப்புறக் கதவில் ஒரே ஒரு படிதான், 7 அங்குலம். அங்கிருந்து பக்கவாட்டுச் சந்து வழியாகத் தெருவுக்கு வந்துவிடலாம். சந்தில் கிடந்த பழைய ஓடுகளையும் உடைந்த தொட்டியையும் அரை நாளில் ஒழித்தோம். அதே ஆறடி ராம்ப் கொல்லையில் பத்துக்கு ஒன்றுதான் வந்தது. என் மனைவி தனியாகவே அம்மாவை இறக்கி ஏற்றினார்.

மாமியாரைக் கொல்லை வழியாகக் கூட்டிப்போவதா என்று சில வீடுகளில் சங்கடப்படுவார்கள். அந்த மனசு புரிகிறது. ஆனால் முன்வாசலில் நான்கு பேர் தூக்கிப் போவதைவிடக் கொல்லை வழியாகத் தானே உருண்டு போவது அம்மாவுக்குக் கௌரவமாக இருந்தது. அதை அவரே சொன்னார்.

சென்னையில் இன்னொரு சிக்கல். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய பல வீடுகளில் அடித்தளத்தை மூன்றடி, நான்கடி உயர்த்திவிடுகிறார்கள். மூன்றடி உயரத்துக்கு 36 அடி ராம்ப் வேண்டும், நடுவே திரும்ப இடமும் வேண்டும். அந்த மாதிரி வாசலுக்கு வாடகை, விலை என்ற கேள்வியே எழாது. கட்டடம் கட்டுகிறவரை அழைத்துவந்து மடங்கித் திரும்பும் ராம்ப்புக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் வீல்சேர் ஏற்றும் சிறிய லிஃப்ட் பற்றி விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது வேலை: எத்தனை மாதம்?

டாக்டரிடம் “எப்போ சரியாகும்?” என்று கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். “மூணு மாசம் கழிச்சு இவங்களால மூணு படி ஏற முடியுமா?” என்று கேளுங்கள். பிசியோதெரபிஸ்ட்டிடமும் தனியாக இதையே கேளுங்கள். தினமும் காலைத் தூக்கிப் பார்க்கிறவர் அவர்தான்.

எலும்பு முறிவு, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை போன்றவற்றில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ வாக்கர் பிடித்துப் படி பழகிவிடுவார்கள். இவர்களுக்கு வாடகை. பக்கவாதம் என்றால் முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகிவிடும். அந்த மூன்று மாதம் முடியும்வரை எதையும் நிரந்தரமாக முடிவு செய்யாதீர்கள், வாடகைக்கு எடுத்துக் காத்திருங்கள். முதுகுத்தண்டு காயம், தசைச் சிதைவு, முற்றிய பார்க்கின்சன் போன்றவற்றில் ராம்ப் பல வருடத் தேவை. வாங்குங்கள் அல்லது கட்டுங்கள். டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு மூன்று முறை போய் வருகிறவருக்கும் அப்படியே.

எவ்வளவு காலம் என்பதோடு, எத்தனை தடவை என்பதையும் பாருங்கள். மாதம் ஒரு தடவை செக்கப் மட்டும் என்றால் நம்பகமான இரண்டு ஆட்கள் போதும் என்று தோன்றலாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ராம்ப் இல்லாததால்தான் மாதம் ஒரு தடவையாகச் சுருங்கியிருக்கிறது. எங்கள் வீட்டில் ராம்ப் வந்த பிறகு தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் வெளியே உட்காருவது வழக்கமானது.

கடையில் என்னென்ன கிடைக்கும்

பெட்டி போல மடிந்து, கைப்பிடியோடு தூக்கிப் போகும் அலுமினிய ராம்ப்தான் வாடகைக்கு அதிகம் கிடைப்பது. ஆறடி என்றால் 15 கிலோவை ஒட்டி இருக்கும். இரண்டு தனித்தனி வாய்க்கால் மாதிரி நீட்டி வைக்கும் சானல் ராம்ப்பும் உண்டு, எடை குறைவு. ஆனால் தள்ளுகிறவர் நடுவில் படியில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். பாதையைவிட்டுச் சக்கரம் இறங்கிவிடுமோ என்று கண் அங்கேயே இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். வேனில் ஏற்ற அது சரி.

அப்புறம் நிலைப்படிக்கான சின்ன ராம்ப். ரப்பரிலும் அலுமினியத்திலும் ஆப்பு வடிவத்தில் வருகிறது. இதை வாடகைக்கு எடுக்காதீர்கள். விலை குறைவு, தேவை நீண்டது. வாக்கர் பிடித்து நடக்கும் காலத்திலும் நிலைப்படி தடுக்கும், அதனால் வீல்சேர் போன பிறகும் உதவும். எங்கள் வீட்டு நிலைப்படி இரண்டரை அங்குலம். கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, “சார், நிலையை அறுத்துட்டா சமமாயிடும்” என்றார். அம்மா படுக்கையில் இருந்தபடியே, “வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசுற நிலை அது மேஸ்திரி, அதுல கை வைக்காதீங்க” என்று சொல்லிவிட்டார். தச்சர் ஒருவர் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்றாக இரண்டு மர ஆப்பு செய்து கொடுத்தார். ஒவ்வொன்றும் 20 அங்குல நீளம். மூன்று அங்குலத்துக்குள் உள்ள உயரத்துக்கு எட்டுக்கு ஒன்று சரிவு போதும், அதைத்தான் செய்தோம். அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியதால் டைல்ஸில் நகராமல் நின்றது.

கல்யாணம், காதுகுத்து என்று ஒரு நாள் தேவைக்குக் கடைக்குப் போகவே வேண்டாம். மண்டபத்தில் மேடை போடும் பந்தல்காரரிடம் இரண்டு நாள் முன்னதாகவே மேடை உயரத்தையும் வேண்டிய நீளத்தையும் சொல்லிவிட்டால், பலகையில் சரிவு அடித்துத் தருவார். ஓரங்களில் கட்டை அடிக்கச் சொல்லுங்கள். மேலே விரிக்கும் கம்பளத்தை இழுத்து ஆணி அடிக்கச் சொல்லுங்கள், சுருண்டால் முன்சக்கரம் சிக்கும்.

இப்போது பணக் கணக்கு

விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். அதனால் கணக்குப் போடும் முறையை மட்டும் சொல்கிறேன். எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் கடைக்காரர் சொல்லும் எண்களை இங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

ராம்ப் விலை 24,000 ரூபாய், மாத வாடகை 3,000, கொண்டுவந்து திரும்ப எடுத்துப் போக 1,000 என்று வைத்துக்கொள்வோம். வாடகை என்றால் மூன்று மாதத்துக்கு 10,000. நான்கு மாதத்துக்கு 13,000. எட்டு மாதத்துக்கு 25,000, அப்போது வாங்கியிருக்கலாம். ஆனால் வாங்கிய ராம்ப்பைப் பிறகு விற்கலாம். பாதி விலைக்குப் போனால், சொந்தமாக வைத்திருந்ததன் உண்மையான செலவு 12,000தான். அதாவது நான்கு மாதமோ அதற்கு மேலோ தேவை என்றால் வாங்குவதே லாபம்.

ஆனால் விற்க முடியுமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் உள்ள நகரத்தில் பழைய ராம்ப் சீக்கிரம் கைமாறும். சின்ன ஊரில் அது மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும். உங்கள் ஊரில் விற்பது கஷ்டம் என்று தோன்றினால், திரும்பக் கிடைக்கும் தொகையைச் சைபர் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். அட்வான்ஸ் தொகையைச் செலவில் சேர்க்காதீர்கள், ஆனால் அது முடங்கிக் கிடக்கும் பணம் என்பதை நினைவில் வையுங்கள்.

என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். நீண்ட காலத் தேவை என்று உறுதியாகத் தெரிந்தாலும் முதல் மாதம் வாடகைக்கே எடுங்கள். அந்த வாடகை வீண் போகாது. எந்தக் கதவு வழி சரி, தள்ளுகிறவருக்கு வலு இருக்கிறதா, கேட்டைத் திறக்கும்போது எங்கே இடிக்கிறது, எல்லாம் அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். மதுரையில் என் சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அப்படித்தான் செய்தோம். இரண்டு படி, 12 அங்குலம். ஆறடி ராம்ப்பில் ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் வேண்டியிருந்தது. நான்கு மாதத்துக்குப் பிறகும் இடது கால் தேறவில்லை. அப்புறம்தான் கொத்தனாரை அழைத்து 12 அடிக்குச் சிமென்ட் ராம்ப் கட்டினார்கள். அதற்குள் சித்தப்பா பையனுக்கு எங்கே திரும்பக் கஷ்டம் என்று மனப்பாடமாகியிருந்தது. அந்த இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விடச் சொன்னான். முதல் வாரமே கட்டியிருந்தால் அந்தத் திருப்பத்தில் சுவரை இடித்துத் திரும்பக் கட்ட வேண்டியிருந்திருக்கும்.

வாடகைக்கு எடுக்கும்போது

ஆஸ்பத்திரிக் கட்டில், வாக்கர், ஆக்சிஜன் இயந்திரம் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் பெரிய ஆஸ்பத்திரிகளைச் சுற்றி இருக்கும், அங்கேதான் கேட்க வேண்டும். வீல்சேர் எல்லோரிடமும் இருக்கும், ராம்ப் சிலரிடம்தான். சின்ன ஊர்களில் கிடைப்பது அரிது. பக்கத்து மாநகரத்திலிருந்து வரவழைத்தால் வண்டி வாடகையே பல மாத வாடகையைத் தின்றுவிடும். அப்போது கீழே சொல்லும் வெல்டிங் பட்டறை வழி நல்லது.

போனில் பேசும்போதே கேட்டுவிட வேண்டியவை: குறைந்தபட்சம் எத்தனை நாளுக்கு வாடகை? பாதி மாதத்தில் திருப்பினால் மீதிப் பணம் வருமா? நீளம் போதவில்லை என்றால் மாற்றித் தருவார்களா, அதற்கு வண்டிச் செலவு யாருடையது? ராம்ப் தாங்கும் எடை எவ்வளவு? கடைசிக் கேள்வி பேட்டரி வீல்சேர் வைத்திருப்பவர்களுக்கு மிக முக்கியம். நாற்காலியே 50 கிலோவைத் தாண்டலாம். ஆள் எடை, தள்ளுகிறவர் எடை எல்லாம் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ராம்ப் வந்து இறங்கியதும் கையெழுத்துப் போடுவதற்கு முன் விரித்துப் பாருங்கள். மேலே மணல் காகிதம் போல் சொரசொரப்பான பரப்பு இருக்கும், அது வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் மழையில் வழுக்கும். மடிப்புக் கீல்கள் ஆடக் கூடாது. நடுவில் ஒருவர் ஏறி நின்றால் லேசாக வளையும், இறங்கியதும் பழையபடி நேராக வேண்டும். மேல்முனையின் உதடு படியில் சமமாக உட்கார வேண்டும். ஏற்கெனவே உள்ள கீறல், நசுங்கலை எல்லாம் போட்டோ எடுத்து அன்றைக்கே கடைக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், முன்பே இருந்த வளைவுக்கு அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

வாங்கும்போது

மேலே சொன்ன அத்தனையும் இதற்கும் பொருந்தும். இன்னும் இரண்டு. நாளை நாற்காலி மாறலாம். இன்று ஆள் தள்ளும் நாற்காலி, அடுத்த வருடம் பேட்டரி நாற்காலி. அகலமும் தாங்கும் எடையும் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள். நீளத்திலும் கஞ்சம் பிடிக்காதீர்கள். ஐந்தடிக்கும் ஆறடிக்கும் விலை வித்தியாசத்தைப் பார்த்து ஐந்தடி வாங்கியவர்கள் பின்னால் வருத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன். வெளியே வைத்தால் இரவில் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள், அலுமினியத்துக்கு நல்ல எடைக்கடை விலை உண்டு. சித்திரை வெயிலில் மதியம் அதில் வெறுங்காலோடு நடக்க முடியாது, தள்ளுகிறவர் செருப்புப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கடை ராம்ப்பைத் தவிர இன்னொரு வழி வெல்டிங் பட்டறை. எல்-ஆங்கிள் சட்டம் போட்டு, மேலே பூப்போட்ட செக்கர்டு ப்ளேட் அடித்துத் தருவார்கள். உங்கள் வாசல் அளவுக்கே கிடைக்கும், இரண்டு மூன்று துண்டாகச் செய்தால் கழற்றியும் வைக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மிகவும் ஏற்றது. காலி செய்யும்போது எடுத்துக்கொண்டு போய்விடலாம், வீட்டுக்காரரின் படிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கனம், இரண்டு பேர் இல்லாமல் நகர்த்த முடியாது. செக்கர்டு ப்ளேட் நனைந்தால் வழுக்கும், ஆகவே வழுக்காத டேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே மேலே சலித்த மணலைத் தூவுங்கள். இரண்டு ஓரத்திலும் இரண்டு அங்குல உயரத்துக்குத் தடுப்பு வைக்கச் சொல்லுங்கள். பட்டறையில் இதைக் கேட்காமல் வைக்கமாட்டார்கள். கடலோர ஊர் என்றால் துரு பிடிக்கும், வருடம் ஒரு முறையாவது பெயின்ட் அடிக்க வேண்டும்.

கடற்காற்றும் புயலும் என்ன செய்யும் என்பதற்கு மெரினாவே சாட்சி. மாற்றுத்திறனாளிகள் அலைவரை போவதற்கென்று மரத்தில் அமைத்த நிரந்தரப் பாதையை 2022 நவம்பர் இறுதியில் திறந்தார்கள். டிசம்பரில் வந்த மாண்டஸ் புயலில் அதன் முனை சேதமாகி, பழுது பார்க்க வேண்டியதாயிற்று. திறந்த வெளியில் வைக்கும் எதற்கும் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கொத்தனாரை வைத்துக் கட்டுவதானால்

இரண்டு பேச்சு முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒன்று நீளம். பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் “அவ்வளவு நீளம் எதுக்குங்க, இடம் அடைச்சிரும்” என்பார். சுண்ணாம்புப் பொடியால் தரையில் முழு நீளத்தையும் கோடு போட்டு, வீல்சேரை அதன் மேல் ஓட்டிக் காட்டுங்கள், ஏற்றுக்கொள்வார். இன்னொன்று மேல்பூச்சு. கிரானைட்டோ பளபளக்கும் டைல்ஸோ வேண்டவே வேண்டாம். சிமென்ட் காய்வதற்கு முன் குறுக்குக் கோடு இழுத்துவிட்டால் போதும். உள்ளே நிரப்பும் மண்ணை நன்றாகத் திமிசு போட்டு இறுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் முதல் மழையில் நடுவில் அமுங்கும். பூசிய பிறகு ஏழு நாளாவது நனைக்க வேண்டும். அந்த நாட்களில் வெளியே போக வழி வேண்டும் என்பதால் வாடகை ராம்ப்பை அதற்குப் பிறகே திருப்புங்கள்.

கேட்டைத் தாண்டித் தெருவில் நீட்டாதீர்கள். நடைபாதையிலோ மழைநீர் வடிகால் மேலோ கட்டினால் உள்ளாட்சி அமைப்பு இடிக்கலாம், தவிரவும் அது இன்னொரு வீல்சேரின் பாதையை அடைக்கும். அடுக்குமாடி என்றால் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எடுத்துவைக்கக்கூடிய ராம்ப் என்றால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

முதல் ஓட்டம் ஆள் இல்லாமல்

எந்த ராம்ப் ஆனாலும், முதல் தடவை காலி நாற்காலி. அடுத்து இரண்டு 25 கிலோ அரிசி மூட்டையை உட்காரவைத்துக் கயிறு கட்டித் தள்ளிப் பாருங்கள். மேல்முனையில் சக்கரம் ஏறும்போது ராம்ப் பின்னுக்கு நகர்கிறதா என்று ஒருவர் குனிந்து பார்க்கட்டும். நகர்ந்தால் அதோடு வரும் பட்டையை நிலைக்கோ தூணுக்கோ கட்டுங்கள். கீழ்முனையில் முன்சக்கரம் முட்டி நிற்கிறதா என்பதையும் பாருங்கள், சின்னச் சக்கரம் அரை அங்குல மேட்டுக்கே நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். ராம்ப்பின் மேல் கோலப்பொடி, மணல், காய்ந்த இலை இருக்கக் கூடாது. மழைக்காலத்தில் சிமென்ட் ராம்ப்பில் பாசி பிடிக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஏற்றும்போது முகம் வீட்டைப் பார்க்க, நீங்கள் பின்னால். இறக்கும்போதும் முகம் வீட்டைப் பார்த்தே இருக்க வேண்டும். நீங்கள் கீழ்ப்பக்கம் நின்று, பின்னோக்கி ஒவ்வொரு அடியாக இறங்க வேண்டும். முகம் வெளியே பார்த்தபடி இறக்கினால், சரிவில் ஆள் முன்னால் வழுக்கி விழ வாய்ப்பு உண்டு. பெல்ட் போடுங்கள். இறங்கி முடித்துச் சமதளத்துக்கு வந்ததும் பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும்.

அம்மாவை முதல் தடவை கொல்லைப்புற ராம்ப்பில் இறக்கியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார். கீழே வந்து பிரேக்கைப் போட்டு, “வந்தாச்சும்மா” என்றதும்தான் திறந்தார். நிமிர்ந்து முருங்கை மரத்தைப் பார்த்தார். “இவ்வளவு காய் முத்திப்போய்த் தொங்குதே, ஒருத்தரும் பறிக்கலையா?” என்றார்.